கிளிநொச்சிக் கியாரு

கண்ணுக்குக் கீழே எதற்கு இமை ஒட்டுகிறாய், நகத்தில் ஏன் சாரிக் கல் பதிக்கிறாய், காலில் சுற்றியிருப்பது என்ன பண்டேஜா என்று கேட்பவர்களுக்கெல்லாம் தெருவில் நின்று பதில் சொல்லி முடியவில்லை. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். இது கியாரு, உடுப்பிலும் ஒப்பனையிலும் ஜப்பானியப் பெட்டைகள் உண்டாக்கிய ஒரு கோலம். நான் அதைத் தெரிந்துதான் எடுத்தேன், ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன். ஒரு வீடியோவுக்குப் போட்டுவிட்டுக் கழற்றி எறிகிற வேசம் இல்லை. வேலைக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் பஸ்சுக்கு நின்றாலும் இதே கோலம்தான்.

கிளிநொச்சியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். புதுத் தவணை தொடங்குகிற காலம் வந்தால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்தே இடுப்பு முறியும். முழங்காலுக்குக் கீழே எவ்வளவு, கை எவ்வளவு, இடுப்புப் பட்டி எங்கே என்று எல்லாம் கணக்கு. 2019இல் இலங்கையும் ஜப்பானும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்த பிறகு இங்கேயும் நிறையப் பேர் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினார்கள், நானும் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகலாம் என்று வகுப்பில் சேர்ந்தேன். காதுக்குப் பழகவேண்டும் என்று மெசினுக்குப் பக்கத்தில் போனை வைத்து யூரியூப்பில் எதையாவது ஓடவிட்டுத் தைப்பேன். வகுப்பில் சொல்லித் தந்த பணிவான ஜப்பானிய மொழிக்கு நேர் எதிராக, சத்தமாக, வேகமாக, ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டு வாயை மூடாமல் சிரிக்கிற பெட்டைகள் வந்தார்கள். பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. ஆனால் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

கியாருவின் பெரிய காலம் 1990கள். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்து, படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காமல் போனது. வீட்டில் எல்லோருடைய முகமும் இருண்டிருந்த அந்த நேரத்தில்தான் உயர்தரப் பள்ளி மாணவிகள் சீருடைப் பாவாடையை இடுப்பில் சுருட்டிச் சுருட்டித் தொடைவரை ஏற்றி, தலைமயிரை மண்ணிறமாக்கி, காலில் தொளதொளவென்று மடிந்து விழுகிற வெள்ளை மேசு போட்டுக்கொண்டு தோக்கியோவின் ஷிபுயாவில் இறங்கினார்கள். அந்த மேசு வழுகி விழாமல் இருக்கக் காலில் பூசுகிற பசையே கடையில் விற்றது. ஷிபுயாவில் 1979இல் திறந்த 109 என்ற கட்டடம் இவர்களின் கோயில் மாதிரி ஆனது. அங்கே உடுப்பு விற்றவர்களும் அதே வயசுக்குக் கொஞ்சம் மூத்த பெட்டைகள்தான், அவர்கள் இன்றைக்குப் போட்டு நிற்பதை நாளைக்கு நாடு முழுக்கத் தேடினார்கள். 1995இல் 'எக்' என்ற சஞ்சிகை தொடங்கியது. அதில் வந்தவர்கள் ஒல்லியான தூரத்து அழகிகள் இல்லை, தெருவில் நின்ற வாசகிகளே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சஞ்சிகை 2014இல் நின்று, 2018இல் இணையத்தில் திரும்பி வந்தது. நான் பார்த்தது அந்தத் திரும்பி வந்ததைத்தான்.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்தது நிறம்.

ஜப்பானிலும் வெள்ளைத் தோலுக்குத்தான் மதிப்பு. வெள்ளைத் தோல் ஏழு குறையை மறைக்கும் என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது, எங்கள் மாமிமார் சொல்லியிருந்தாலும் நம்பலாம். அப்படியான நாட்டில் 1990களின் கடைசியில் கங்குரோ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. விளக்குக் கட்டிலில் படுத்துத் தோலைக் கறுப்பாக்கி, அதற்கு மேலும் கருமையான பவுண்டேசன் பூசி, கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெள்ளை அடித்து, தலையைப் பொன்னிறமாகவும் தோடம்பழ நிறமாகவும் வெள்ளியாகவும் மாற்றிக்கொண்டு, உயரமான அடி வைத்த சப்பாத்தில் தெருவில் வந்தார்கள். பத்திரிகைகள் கேவலப்படுத்தின, ஆம்பிளைகள் அருவருப்பு என்றார்கள், அவர்கள் கூடக் கறுத்தார்கள். இது கறுப்பின மக்களைப் பார்த்துப் போட்ட வேசம் என்று கண்டிப்பவர்களும் உண்டு. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், இன்னொரு சனத்தின் தோலைப் பூசி இரவில் கழுவிவிடுவது எனக்கும் ஒட்டாது. ஆனால் நான் அதைப் பார்த்தது வேறு இடத்திலிருந்து. எனக்குக் கறுக்க ஒன்றும் பூசவேண்டிய தேவை இல்லை. நான் பிறந்ததிலிருந்தே கறுப்பு, மிச்சத்தை இரணைமடு வெயில் பார்த்துக்கொண்டது.

இங்கே ஒரு கறுத்தப் பெட்டை வளர்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். சாமத்தியப்பட்டதும் மஞ்சள், கடலைமா, பாலாடை, வெயிலுக்குள் போகாதே. பன்சிக் கடைக்குப் போனால் நான் கேட்பதற்கு முன்பே வெள்ளையாக்குகிற கிரீமை எடுத்து வைப்பார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வருகிறவர் சாதகத்துக்கு முதல் "பிள்ளை என்ன நிறம்?" என்று கேட்பார். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இது தெரிந்தும் பேசாமல் இருக்க முடியாது: பெயரும் விலாசமும் ஒழுங்காக இல்லாமல் வருகிற வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவில் வந்த பாதரசம் மீனுக்குள் போய், மீனிலிருந்து சனத்துக்குள் போய், பிள்ளைகள் நடக்க முடியாமல் பிறந்தார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள், பாதரசம் கலந்த கிரீமும் அதில் தடை. ஆகவே தங்கச்சிமார், அந்த டப்பாவை எறியுங்கள்.

நான் எறிந்தேன். கறுப்புத் தோலை மறைக்காமல் அதற்கு மேல் என்ன போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்பதே வேறு விசயமாகிவிட்டது. வெள்ளைப் பென்சில் வெள்ளைத் தோலில் தெரியவே தெரியாது, என் தோலில் அது பளிச்சென்று எழும். பொன் மினுக்கம், வெளிர் ரோஸ், வானநீலம், எல்லாம் அப்படித்தான்.

சரி, கண். கியாருக் கண்ணில் முக்கியம் மேல் இமை இல்லை, கீழ் இமை. ஒட்டுகிற ஐலாஷ் பட்டியை நேராக எடுத்து ஒட்டினால் பொம்மை மாதிரி இருக்கும். அதைச் சின்னக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டவேண்டும், ஒவ்வொரு துண்டிலும் மூன்று நாலு மயிர் இருந்தால் போதும். அதை உங்கள் சொந்த இமை வரிசையில் ஒட்டக்கூடாது, அதற்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே ஒட்டவேண்டும். இடையில் விட்ட இடத்தை வெள்ளைப் பென்சிலால் நிரப்பினால் அந்த வெள்ளையும் கண்ணின் வெள்ளையும் ஒன்றாகிக் கண் கீழ்ப்பக்கமாகப் பெரிதாகிவிடும். கடைக்கண்ணில் மையை மேலே இழுப்பதுதான் எங்களுக்குப் பழக்கம், இங்கே கீழே சரித்து இழுத்து, கீழ் இமையின் கடைசித் துண்டோடு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பசை பாலாக இருக்கும்போது வைத்தால் வழுகும், கொஞ்சம் பிசுபிசுப்பு வரும்வரை பொறுங்கள். வன்னியில் மத்தியானம் கரண்டும் நின்று காற்றாடியும் நின்றால் எந்தப் பசையும் தாங்காது, அதனால் ஒட்டுவதற்கு முதல் அந்த இடத்தில் பவுடர் போட்டு வியர்வையை எடுத்துவிடுவேன். காலையில் ஒட்டினால் பின்னேரம் கடை பூட்டும்வரை நிற்கிறது. ஸ்கூட்டியில் கிரவல் ரோட்டால் போகிற நாளில் மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வேன்.

நகத்துக்கு இங்கே இருக்கிற வசதி ஜப்பானில் கூட இருக்காது என்பேன். பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிற கடைகளில் கல், முத்து, சமிக்கி என்று பொட்டலம் பொட்டலமாக வைத்திருக்கிறார்கள். ஒட்டு நகத்துக்குக் கியூடெக்ஸ் அடித்து, காய்வதற்கு முன்பே கல்லை வைத்து, மேலே நிறமில்லாத கியூடெக்ஸ் இன்னொரு பூச்சு. தைக்கிற கை என்பதால் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் கட்டை, மற்ற எல்லாம் நீளம். என் போன் உறையும் அதே கல்லால் மூடியிருக்கிறது, அதன் கனம் கையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

கண்ணையும் நகத்தையும் சொல்லிவிட்டேன், இனி எனக்குப் பெரிய விசயத்துக்கு வருகிறேன்.

1990களில் ஜப்பானியப் பெட்டைகள் எல்லோரும் ஒருவரைப் போல வர ஆசைப்பட்டார்கள், பாடகி அமுரோ நமியே. 1996இல் மண்ணிறத் தலைமயிர், மெல்லிய புருவம், குட்டைப் பாவாடை, உயரச் சப்பாத்து என்று அவரைப் பார்த்து உடுத்தியவர்களுக்கு அமுரா என்று தனிப் பெயரே வந்தது. 2018 செப்ரெம்பரில்தான் அவர் ஓய்வு பெற்றார். அவர் தோக்கியோக்காரி இல்லை. 1977இல் ஒகினாவாவின் நஹாவில் பிறந்தவர். ஒகினாவா என்று கேட்டதும் நான் தேடிப் படித்தேன். 1945இல் அந்தத் தீவில் சித்திரையிலிருந்து ஆனிவரை சண்டை நடந்தது. சனம் குகைகளுக்குள் ஒளிந்திருந்து செத்தது. தீவின் ஆட்களில் நாலில் ஒருவர் போனதாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பெட்டைகளைக் காயப்பட்டவர்களைப் பார்க்க இராணுவ ஆஸ்பத்திரிக் குகைகளுக்குக் கொண்டுபோனார்கள், அவர்களில் நிறையப் பேர் திரும்பவில்லை. அதன் பிறகு 1972 வரை தீவு அமெரிக்காவின் கையில். அப்படி ஒரு இடத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, சண்டை முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, நாடு முழுக்க உள்ள பெட்டைகளின் புருவத்தை மாற்றிவிட்டாள். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. யாராவது அவளிடம் "உங்கட ஊரில இவ்வளவு சனம் செத்தது, உனக்கு உந்த உடுப்புத் தேவையோ?" என்று கேட்டிருப்பார்களா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் என்னிடம் கேட்டார்கள். ஒரு அலுவலகத்தில் படிவம் வாங்க வரிசையில் நின்றபோது, மாமா காணாமல் போனது பற்றி அம்மா சொல்லிக்கொண்டிருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காணாமல் போனவையின்ர குடும்பம் எண்டு உடுப்பைப் பாத்தால் தெரியேல்லையே" என்றார். அம்மா தலையைக் குனிந்தாள். அந்த வசனம் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. 2017 மாசி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மாவும் அம்மம்மாவும் மாமாவின் படத்தோடு போனவர்கள், எத்தனை வெயில் மழை பார்த்தவர்கள். நானும் போயிருந்திருக்கிறேன், இந்த நகத்தோடும் போயிருந்திருக்கிறேன். படத்தைப் பிடிக்க நகம் தடையாக இருக்கவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், எங்கள் ஆள்தான், போருக்குப் பின் வன்னிப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று படம் எடுப்பதற்காகக் கடைக்கு வந்தார். மெசினில் இருந்த என்னைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரணச் சட்டை போட்டு யன்னலைப் பார்த்தபடி இருக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் ஏலாது என்றேன். இப்படியே எடுங்கோ, இதுதான் வன்னிப் பெண் என்றேன். அவர் எடுக்கவில்லை.

எங்கள் பெட்டைகளின் உடம்பில் எது இருக்கவேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்திருக்கிறார்கள். சின்ன வயசில் நான் பார்த்த இயக்க அக்காமார் இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, நீளக் காற்சட்டையும் பெல்ட்டுமாகச் சைக்கிளில் போவார்கள், நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கு விதித்த உடுப்பு. 2008இல் பிள்ளையை ஆட்சேர்ப்புக்குக் கொண்டுபோகக் கூடாதென்று எத்தனை வீடுகளில் அவசரம் அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள், என் பெரியம்மாவின் மகளும் அப்படிச் சாரி கட்டியவள்தான், பதினாறு வயசு. பிறகு 2009. செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசை, தலை முழுக்கப் பேன், அம்மா என் தலையைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள், யாரோ தந்த சட்டை, யாரோ தந்த செருப்பு, அளவு பார்க்க ஆள் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு பள்ளிக்கூடச் சட்டம், அதற்குப் பிறகு கல்யாணச் சந்தை. இவற்றில் சிலது உயிரைக் காப்பாற்றின. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த மாதிரி நானே என்னை உடுத்திக்கொண்டது கியாருவில்தான் முதல் முறை. நான் இதை விளையாட்டு என்று நினைக்காததற்குக் காரணம் அதுதான்.

அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்பீர்கள். முதல் நாள் "கண்டறியாத கோலம்" என்றாள். அம்மம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண் நோகாதா என்று மட்டும் கேட்டாள். இப்போது அம்மாவின் கட்டளை ஒன்றுதான்: "வத்தாப்பளைப் பொங்கலுக்கு மட்டும் உந்த நகத்தோட வராதை, பானை தூக்கேலாது." வைகாசியில் கழற்றிவிடுவேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, கண்ணகி அம்மனுக்கு முன்னால் நான் பொங்கப் போகிறேன், நகம் காட்டப் போகவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரிந்ததுதான். பேஸ்புக்கில் என் படத்தின் கீழே எழுதுகிறவர்களின் பாசையை இங்கே எழுதமாட்டேன். ஜப்பானிலும் இதுவே நடந்தது. 1990களின் நடுவில் பள்ளி மாணவிகளைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிற ஆம்பிளைகள் பற்றிப் பத்திரிகைகளும் ரீவியும் பெரிதாக எழுதியபோது, மண்ணிறத் தலையும் தொளதொள மேசும் போட்ட ஒவ்வொரு பிள்ளையும் அப்படித்தான் என்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். காசு கொடுத்தவனின் உடுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கியாரு மைண்ட் என்று அவர்கள் சொல்வதை நான் இப்படி விளங்கிக்கொண்டிருக்கிறேன்: நீ உனக்காகவும் உன் சிநேகிதிகளுக்காகவும் உடுத்துகிறாய். பார்க்கிறவனுக்காக இல்லை. கங்குரோப் பெட்டைகள் ஆம்பிளைகளுக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டே அப்படி வந்தார்கள், அந்தத் துணிவு எனக்குப் பெரிசாகப் படுகிறது. அழகாக இருக்கிறாய் என்று சொன்னால் இல்லை இல்லை என்று நெளிவது எங்கள் பழக்கம். கியாரு "ஓம், தெரியும்" என்பாள். நான் இப்போது ஓம் என்கிறேன். அதைச் சொல்லப் பழகுவது இமை ஒட்டப் பழகுவதை விடக் கஸ்டம், உண்மையாகச் சொல்கிறேன்.

தனியாகக் கியாருவாக இருக்க முடியாது. ஜப்பானில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து திரிந்தார்கள், கையை மட்டும் வேகமாக ஆட்டி ஆடுகிற பாராபாரா ஆட்டத்தை வரிசையாக நின்று ஆடினார்கள். எங்களுக்கும் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிற என் மச்சாள், ஜப்பானிய வகுப்புச் சிநேகிதி, அப்புறம் முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற ஒரு அக்கா. முகமாலை எத்தனையோ வருசம் முன்னரங்காக இருந்த இடம், நிலத்துக்குள் என்ன இல்லை. கண்ணிவெடி அகற்ற ஜப்பானும் காசு தருகிறது, அந்தப் பலகைகளை ரோட்டோரம் பார்த்திருப்பீர்கள். அக்கா கிழமை நாட்களில் நெஞ்சுக்கவசமும் முகத்துக்குத் தடித்த கண்ணாடி மறைப்புமாக வெயிலில் முழங்காலில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்கிற வேலை. அங்கே நகமும் இல்லை இமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து கையை நீட்டுவாள், நான் ஒட்டிவிடுவேன். அவளுக்கு எப்போதும் சிவப்பும் பொன்னும். "கிழமை முழுக்க நான் மண்ணைப் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமை எண்டாலும் சனம் என்னைப் பாக்கட்டும்" என்பாள். இரவு படுக்கும் முன் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் படுப்பாளாம்.

ஞாயிறு பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போவோம். காற்று தலையை ஒரு வழி பண்ணும். அங்கே பாராபாரா ஆடியிருக்கிறோம், நின்று பார்த்த சின்னப் பிள்ளைகள் எங்களை விடக் கெதியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு படம். ஜப்பானில் 1995இல் புரிகுரா என்று ஒரு பெட்டி வந்தது, காசு போட்டால் உங்கள் படத்தைச் சின்னச் சின்ன ஒட்டுத் தாளாக அடித்துத் தரும். அட்லஸ் கம்பனியில் வேலை செய்த ஒரு பெண்ணின் யோசனை அது. பெட்டைகள் அதைக் கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் பெயரும் திகதியும் எழுதி, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு திரிந்தார்கள். எங்களிடம் அந்தப் பெட்டி இல்லை. போனில் எடுத்து, ஸ்ரூடியோவில் ஒரு தாளில் பதினாறு படமாக அடித்து வாங்கி, வெட்டி, மினுக்கப் பேனையால் எழுதி ஒட்டுகிறோம். எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய படம் ஒன்றும் மிஞ்சவில்லை, மாமாவின் படத்தைக் கூட வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரரிடம்தான் எடுத்தோம். என் தடித்த கொப்பியில் இப்போது பக்கத்துக்குப் பக்கம் நாங்கள்தான். ஒரு பிரதி மச்சாள் வீட்டில், ஒரு பிரதி அக்கா வீட்டில். ஒரு வீடு போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கடைக்கு வந்து, அக்கா சட்டையைக் கொஞ்சம் கட்டையாக்கித் தாங்கோ என்று இரகசியமாகக் கேட்பதுண்டு. நான் செய்து கொடுப்பதில்லை, வீட்டில் தெரிந்தால் அடி அவர்களுக்குத்தான் விழும். ஜப்பானில் ஒரு கதை நடந்தது. ஒசாகாவில் ஒரு மாணவியின் தலைமயிர் பிறப்பிலேயே மண்ணிறம் என்று வீட்டுக்காரர் சொல்ல, பள்ளிக்கூடம் அவளைத் திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயம் பூச வைத்தது. அவள் பள்ளிக்கு வருவதை விட்டதும் வகுப்பில் அவளுடைய கதிரையை எடுத்து, பெயர்ப்பட்டியலில் பெயரையும் எடுத்துவிட்டார்கள். 2017இல் வழக்குப் போட்டாள். 2021இல் நீதிமன்றம் சாயம் பூசச் சொன்னதைப் பிழை என்று சொல்லவில்லை, கதிரையையும் பெயரையும் எடுத்ததற்கு மட்டும் 330,000 யென் கொடுக்கச் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்புப் பாதிதான் பிடிக்கும். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு தோக்கியோவின் அரச உயர்தரப் பள்ளிகள் 2022 சித்திரையோடு கறுப்புத் தலைமயிர்ச் சட்டத்தைக் கைவிட்டன. ஆகவே தங்கச்சிமார், சோதனையை எடுத்து முடியுங்கள், பிறகு வாருங்கள், எவ்வளவு கட்டை வேண்டுமென்றாலும் நான் தைத்துத் தருகிறேன்.

மேசு எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு: வாங்கவில்லை, தைத்தது. சந்தைப் பக்கம் தொழிற்சாலை வெட்டுத்துணி நிறுத்து விற்கிறவர்களிடம் வெள்ளை ரிப் துணி கேளுங்கள், பெனியன் கழுத்துக்கு வைக்கிற அதே துணி. ஒரு காலுக்கு 36 அங்குல நீளம் வேண்டும். அகலத்துக்குக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்து அதோடு ஒரு அங்குலம் கூட வையுங்கள், தையலுக்கு அது போய்விடும். இழுவை அகலப் பக்கம் வரவேண்டும், நீளப் பக்கம் வந்தால் மடிப்பு விழாது. சாதாரண மெசினில் தைப்பதென்றால் சிக்சாக் தையல் போடுங்கள், நேர்த் தையல் இழுக்கும்போது அறுந்துவிடும். ஒரு சோடிப் பள்ளிக்கூட மேசின் கழுத்தை வெட்டிவிட்டு, பாதப் பகுதியைக் கீழ் வாயோடு இணையுங்கள். மேல் வாயில் அரை அங்குல எலாஸ்டிக், முழங்காலுக்குக் கீழே இறுக்காத அளவுக்கு. போட்ட பிறகு மேலிருந்து கீழே தள்ளித் தள்ளி விடுங்கள், கணுக்காலில் வந்து குவியட்டும். மழைக்காலத்தில் போடவேண்டாம், வெள்ளைத் துணியில் கிளிநொச்சிச் சிவப்பு மண் ஏறினால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது.

தைக்க ஏலாதவர்கள் துணியோடு கடைக்கு வாருங்கள். கூலி வாங்கமாட்டேன், ஆனால் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குளக்கட்டுக்கு வரவேண்டும்.